தொண்ணூற்று மூன்றாம் மாடி

கேம் பெட்டி நான்கு நாளாக ஓடிக்கொண்டிருந்தது. அணைத்தால் மறுபடி முதல் மாடி. விட்ட இடத்தைச் சேமித்து வைக்கும் வசதி அந்தக் கேமில் இல்லை. தொண்ணூற்றொன்பது மாடிக் கட்டடத்தில் ஒரு குட்டி மனிதன் ஏறிப்போவதுதான் ஆட்டம். அவள் தொண்ணூற்று மூன்றாம் மாடியில் நிறுத்தி வைத்திருந்தாள். ஒரே ஒரு உயிர் மிச்சம்.

கேசட்டின் மேல் லேபிள் இல்லை. கம்பெனி பெயர் இல்லை. பழைய எலக்ட்ரானிக் சாமான் கடையில் ஒரு கூடைக்குள் கிடந்ததை ஆறு வருஷத்துக்கு முன் எடுத்து வந்தாள். அதை யார் செய்தார்கள் என்று பழைய கேம் ஆடுகிறவர்களின் குழுவில் ஒருவருக்கும் தெரியவில்லை. குழுவில் நீதிபதி என்று பட்டப்பெயர் வாங்கிய ஒருவர், தொண்ணூற்றைந்துக்கு மேல் கேம் உடைந்துவிடும், முடிவே கிடையாது என்று தீர்ப்பு எழுதியிருந்தார். அவர் எண்பதைத் தாண்டியதில்லை.

அவள் அதை நம்பவில்லை. இவ்வளவு பொறுமையாக மாடி மேல் மாடி கட்டியவர்கள் கடைசியில் தங்கள் பெயரைப் போடாமல் போயிருக்க மாட்டார்கள். அந்தப் பெயர்கள் அவளுக்கு வேண்டும்.

இதற்கு முன் பதினோரு முறை தோற்றிருக்கிறாள். மின்வெட்டு மூன்று முறை. அடாப்டர் கருகியது ஒரு முறை. பூனை ஒரு முறை. மற்றதெல்லாம் அவளுடைய கட்டைவிரல். ரத்த வங்கியில் டெக்னீஷியன் வேலை. சேர்த்து வைத்த லீவை மொத்தமாக இந்த முறை போட்டிருந்தாள். இன்று கடைசி நாள்.

காலை எட்டு மணிக்குக் கீழ் வீட்டுக்காரர் படியேறி வந்தார். டிரான்ஸ்ஃபார்மர் மாற்றுகிறார்களாம். ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஆறு வரை கரண்ட் இருக்காதாம். தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அவள் அண்ணனுக்குப் போன் செய்தாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். வீடு ஐந்து கிலோமீட்டர் தள்ளி, வேறு லைனில். பழைய குண்டு டிவி ஒன்று அங்கே இருந்தது.

"பெட்டிய அணைக்காம உங்க வீட்டுக்குக் கொண்டு வரணும்ணா."

எத்தனை வாட் இழுக்கும் என்று அவன் கேட்டான். அவன் சம்மதம் எப்போதும் இப்படித்தான் வரும்.

எட்டரைக்குக் காருடன் வந்தான். இருபத்தாறு வயசுக் கார். ஓட்டுகிறவர் பக்கக் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் திறந்து இறங்கினான். கொண்டு வந்த இன்வெர்ட்டர் ஒரு செங்கல் அளவு இருந்தது. கார் பேட்டரியில் மாட்டினால் சின்னச் சாமான் ஓட்டலாம். டிவியைத் தாங்காது. கேம் பெட்டிக்குப் போதும்.

வீட்டில் யூபிஎஸ் ஒன்று இருந்தது. அதுவும் பழசு. கரண்ட் போனால் பன்னிரண்டு நிமிஷம் தாங்கும் என்று கடிகாரம் வைத்துப் பார்த்திருந்தாள். திட்டம் எளிது. பெட்டியை யூபிஎஸ்ஸில் செருகி மூன்று மாடி இறக்குவது. காரில் யூபிஎஸ்ஸை இன்வெர்ட்டரில் செருகுவது. அண்ணன் வீட்டில் சுவரில் செருகுவது. கேசட் ஆடாமலிருக்க அதைச் சுற்றித் துணி வைத்து டேப் ஒட்டினாள். அண்ணன் வயர்களை இழுத்துப் பார்த்தான், வோல்டேஜ் அளந்தான், மாற்று ஃப்யூஸ் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். காரின் ரேடியேட்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று இருவருமே பார்க்கவில்லை.

ரத்தப் பை தூக்கிப் பழகிய கை. தட்டில் வைத்த பெட்டி படிகளில் அசையவில்லை. யூபிஎஸ் மட்டும் கீச் கீச்சென்றது.

"தொண்ணூத்தொம்பது மாடி கட்டியிருக்கான், ஒரு லிஃப்ட் வெக்கல. வெச்சிருந்தா உனக்கு நாலு நாள் லீவு மிச்சம்," என்றான் அண்ணன்.

"பேசாம எறங்கு."

காரை அடைய ஆறு நிமிஷம் ஆனது. இன்வெர்ட்டரில் செருகியதும் கீச்சொலி நின்றது. பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் அதை மடியில் வைத்துக்கொண்டாள். வயர் பானெட் இடுக்கு வழியாக வந்து ஜன்னலுக்குள் நுழைந்தது.

மூன்றரை கிலோமீட்டர் போனார்கள். பிறகு பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. அண்ணன் ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினான். ரேடியேட்டர் குழாய் நீளவாக்கில் கிழிந்திருந்தது. டேப் சுற்றினால் நிற்கிற கிழிசல் இல்லை. அவனுக்குத் தெரிந்த மெக்கானிக் மதியத்துக்கு மேல்தான் வர முடியும் என்றார்.

டாக்சி வரவழைத்தார்கள். டிரைவர் இறங்கி வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். வயர், சிவப்பு விளக்கு, அதை இரு கையாலும் பிடித்திருக்கும் ஒரு பெண். அது என்ன என்று கேட்டார். வீடியோ கேம் என்று அவள் உண்மையைச் சொன்னாள். அவர் ஏறி வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். இரண்டாவது ஆள் இறங்கவேயில்லை.

அவள் எஞ்சினைப் பார்த்தாள்.

"கார் ஓடல. பேட்டரி ஓடுதுல்ல?"

"ஓடுது."

"அப்ப பேட்டரிய மட்டும் கழட்டு. நடந்து போலாம்."

"பன்னெண்டு கிலோ, குள்ளி."

"தினமும் லிஃப்ட் மோட்டார் தூக்குறேன்னு அண்ணிகிட்ட அளப்பியே."

அவன் ஸ்பேனரை எடுத்தான்.

காரின் கவ்வியும் இன்வெர்ட்டரின் கிளிப்பும் ஒரே முனையில் இருந்தன. கிளிப்பை எடுக்காமல் கவ்வியைக் கழற்ற முடியாது. எடுத்ததும் யூபிஎஸ் மறுபடி கீச்சிட்டது. அதில் மிச்சம் ஆறு நிமிஷம். வழியில் ஏறிய சார்ஜ் கொஞ்சம் இருக்கலாம். மைனஸ் சுலபமாக வந்தது. பிளஸ் வெள்ளையாகப் பூத்து இறுகியிருந்தது. ஸ்பேனர் வழுக்கியது. அவள் குடிக்கிற தண்ணீரை மெதுவாக அதன் மேல் ஊற்றினாள். பாட்டில் காலியானது. கீச்சொலி நெருங்கி நெருங்கி வந்தது. நட்டு அரைச்சுற்று திரும்பியது. பிறகு இன்னொரு அரைச்சுற்று. கவ்வியைப் பிடுங்கி, கிளிப்புகளை மாட்டினான்.

சத்தம் நின்றது. அவள் விளக்கைப் பார்த்தாள். சிவப்பு.

காரைப் பூட்டிவிட்டு நடந்தார்கள். பேட்டரி அவன் டூல் பையில், இன்வெர்ட்டர் அதன் மேல். பெட்டியும் யூபிஎஸ்ஸும் அவள் தட்டில். இருவருக்கும் இடையில் மூன்றடி வயர். ஒருவர் வேகம் எடுத்தால் இன்னொருவர் ஓட வேண்டும். இரண்டு தடவை பேட்டரியைக் கீழே வைத்து அவன் கையை உதறினான். ஒரு கட்டடத்தின் வாசலில் காவலாளி எழுந்து நின்று, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்.

"சீரியஸ் கேஸுங்க," என்றான் அண்ணன். "ஒரே ஒரு உயிர்தான் இருக்கு."

அவர் கேட்டைத் திறந்து, வளாகத்துக்குள் குறுக்கு வழி விட்டார்.

அண்ணி கதவைத் திறந்தாள். பேட்டரியைப் பார்த்தாள். தெருவைப் பார்த்தாள்.

"கார் எங்க?"

வருகிறது என்றான் அண்ணன். மீதியையும் தவணை முறையில் கொண்டுவரப் போகிறானா என்று அண்ணி கேட்டாள். ஆனாலும் டிவிக்கு முன்னால் கிடந்த துணிமணிகளை அவளே அள்ளி எடுத்தாள்.

யூபிஎஸ் சுவருக்குப் போனது. டிவி சூடாகி, படம் வந்தது. தொண்ணூற்று மூன்றாம் மாடியில் குட்டி மனிதன் கால் தூக்கியபடி நின்றிருந்தான்.

அவள் உட்கார்ந்தாள். தொண்ணூற்று நான்குக்கு ஒரு மணி நேரம் ஆனது. தொண்ணூற்றைந்தில் தரை இல்லை, நகரும் பலகைகள் மட்டும். எத்தனை நொடிக்கு ஒரு முறை நகர்கின்றன என்று விரலால் முட்டியில் தட்டி எண்ணிய பிறகே கால் எடுத்து வைத்தாள். சாப்பிடக் கூப்பிட்டபோதும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தொண்ணூற்றெட்டில் பலகை நழுவியது. குட்டி மனிதன் விளிம்பில் ஒற்றை விரலால் தொங்கி ஏறினான். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

தொண்ணூற்றொன்பதில் ஒன்றுமே இல்லை. காலியான நீளக் கூடம். முடிவில் ஒரு கதவு. அவள் அதை நம்பாமல் அடி அடியாக நடத்திச் சென்றாள். கதவு திறந்தது.

திரை கறுத்தது.

பிறகு கீழிருந்து எழுத்துகள் ஏறி வந்து நின்றன. கட்டியது, ஒரு பெயர். வரைந்தது, ஒரு பெயர். இசை, ஒரு பெயர். கணக்கு, ஒரு பெயர். அதற்கும் கீழே ஐந்தாவது வரி. எழுத்துகளின் தலை மட்டும் தெரிந்தது. மீதி டிவியின் விளிம்புக்கு அடியில் போய்விட்டது.

அண்ணன் பெட்டியை நோக்கிக் கை நீட்டினான்.

"தொடாத," என்றாள். "எந்தப் பட்டனும் தொடாத. அழிஞ்சிரும்."

அவன் கையை இழுத்துக்கொண்டு டிவிக்குப் பின்னால் போனான். படத்தின் உயரத்தைச் சரிசெய்யும் திருகு உள்ளே இருந்தது. வெளியிலிருந்து ஸ்க்ரூடிரைவர் நுழைய ஒரு துளை. அதில் எத்தனையோ வருஷத்துத் தூசி. ஊதினான். அண்ணி அவன் கையில் ரப்பர் கையுறையைத் திணித்தாள். திருகினான். படம் நீண்டது. நாலாவது வரியும் இறங்கத் தொடங்கியது.

"பெருசாவுது. அந்தப் பக்கம்."

"இப்ப?"

"இன்னும்."

படம் மேலும் கீழுமாக ஒடுங்கியது. ஐந்தாவது வரி முழுசாக ஏறி வந்தது.

ஆடிப் பார்த்துச் சரிசொன்னது, ஒரு பெயர்.

அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

"எனக்கு முன்னாடி ஒரு ஆள் கடைசி வரைக்கும் போயிருக்கு," என்றாள்.

அண்ணன் டிவிக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினான். "அந்தாளுக்குச் சம்பளம் குடுத்திருப்பாங்க."

நீதிபதிக்குப் படம் எடுத்து அனுப்பவா என்று அண்ணி போனைத் தூக்கினாள். அவள் எடுத்து மட்டும் வைக்கச் சொன்னாள். அனுப்புவதை அப்புறம் பார்க்கலாம் என்றாள். படம் மங்கலாக விழலாம், போன் தொலையலாம். காகிதம் கேட்டாள். பேனாவைப் பிடித்தபோது கட்டைவிரல் மடங்கவில்லை. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் பேனாவை இறுக்கிக்கொண்டாள்.

ஐந்தாவது பெயரை முதலில் எழுதினாள்.