கிளப் நிலத்துக் கதவு

நெவில் இறந்துபோன அந்தச் சனிக்கிழமை காலையில், கிளப் நிலத்தின் இரும்புக் கதவை வழக்கம்போல இடுப்பால் முட்டித் தூக்கித்தான் திறந்தான். கீல் தேய்ந்து, கதவின் நுனி நான்கு விரற்கடை தொங்கிப் போயிருந்தது; தூக்கினால்தான் சங்கிலி கழலும். அவன் மனைவி ராஸ்லின் தன் காரைச் சாலையோரம் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள். பக்கத்து இருக்கையில் ஐஸ்கிரீம் டப்பா நிறைய, நான்கு கால் பகுதிகளாக நடக்கும் கிளப் கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையில் பிள்ளைகளுக்குக் கொடுக்க நாலாக வெட்டிய ஆரஞ்சுப் பழங்கள் இருந்தன. இந்தக் கீலை எப்போதுதான் மாற்றப் போகிறாய் என்று கேட்டாள். "அறுப்பு முடியட்டும்" என்றான். பத்தொன்பது வருஷமாகச் சொல்லிவந்த பதில்தான். பயிர் முழங்கால் உயரம் வந்திருந்தது. ஒரு சுற்று பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னான். "ரெண்டாவது கால் ஆட்டத்துக்குள்ள வந்துடறேன். எனக்கு ஒரு சாஸேஜ் எடுத்து வை, அந்த கிளைவ் தின்னுடப் போறான்."

அவள் எடுத்து வைத்தாள். மூன்றாவது கால் ஆட்டத்துக்குச் சங்கு ஊதியபோது அது ஆறி, வெங்காயத்தோடு காகிதத்தில் ஒட்டிக் கிடந்தது. கிளப் தலைவன் கிளைவ்தான் தேடிப் போனான். நெவில் வண்டியை நிலத்துக்குள் ஓட்டக்கூட இல்லை. திறந்த கதவின் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தானாம், செருப்புக் கடையில் முறைக்குக் காத்திருப்பவனைப் போல. ஆம்புலன்ஸ் போன பிறகு கிளைவ் கதவைச் சாத்தினான். அதற்கப்புறம் அதை யாரும் திறக்கவில்லை.

பேங்க் ஊரை விட்டுப் போன வருஷம், மைதானத்து விளம்பரப் பலகைகள் ஒவ்வொன்றாகக் கழன்றபோது, நெவில் தன் சாலையோர நிலத்தைக் கிளப்புக்கு விட்டான். ஒருவர் விதை தருவார், ஒருவர் உரம், இன்னொருவர் டீசல். டிசம்பரில் ஒரே ஒரு நாள் எல்லோரும் தத்தம் அறுப்பை நிறுத்திவிட்டு இயந்திரங்களோடு இங்கே வருவார்கள். அந்தக் கோதுமை விற்ற பணத்தில்தான் கிளப்பின் பஸ் ஓடியது. கடையும் பள்ளியும் இல்லாத மூன்று ஊர்களிலிருந்து பிள்ளைகளைப் பயிற்சிக்கு ஏற்றி வருவது அந்தப் பஸ். அது நின்றால் பதினான்கு வயதுக்குட்பட்டோர் அணி இல்லை. அந்த அணி இல்லையென்றால் நாலு வருஷத்தில் பெரியவர்கள் அணியும் இல்லை, சனிக்கிழமை என்று ஒரு நாளும் இல்லை.

டிசம்பர் வந்ததும் சொந்த நிலத்தை ராஸ்லின் கூலிக்கு ஆள் வைத்து அறுத்துவிட்டாள். வந்தவர்கள், சாலையோரத்தில் நிற்பதையும் அடித்துவிடட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம், அது கிளப்பின் வேலை என்றாள். சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது. அது ஒரு வாரத்துக்கு முன்பு.

இப்போது வியாழக்கிழமை இரவு மழை என்று சொல்லிவிட்டார்கள். லேசான தூறல் இல்லை, மேற்கே இருந்து முழு மழை. முற்றிய கதிர் நனைந்து முளைவிட்டால் மாட்டுத் தீவனம்தான், பாதி விலை. செவ்வாய்க்கிழமை கிளப் ஆட்களுக்காகக் காத்திருந்தாள். புதன்கிழமை பதினைந்து பேருக்கு ரொட்டி அறுத்து, கறி வைத்து, துணி போட்டு மூடினாள். சமையலறையில் நெவிலின் ரேடியோ ஓடிக்கொண்டே இருந்தது. வண்டிக்கு வண்டி பேசும் குரல்களெல்லாம் அதில் கேட்டன. யாருக்கு பெல்ட் அறுந்தது, யார் லாரிக்குக் காத்திருக்கிறார்கள், பக்கத்து நிலத்துக் கெல்வின் மறுபடி எந்த வேலியில் மோதினான். கிளப் நிலத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. பேச்சு அந்தச் சாலைப்பக்கம் வரும்போதெல்லாம் நின்று, வேறு எங்கோ போனது.

கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் இந்தப் பக்கத்தில் உதவியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்கும்படி விடுவதே அக்கம்பக்கத்தாருக்கு அவமானம். கேட்காமலே வந்துதான் பழக்கம். வரவில்லை என்றால் முடிவு செய்துவிட்டார்கள் என்று அர்த்தம். நெவிலோடு இதுவும் போகட்டும் என்று. அடக்கத்தின்போது அழுதவர்களின் முகங்களை அவள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து, ஒவ்வொன்றின் மீதும் கோபப்பட்டாள்.

வியாழன் காலை பால் வாங்கப் போன இடத்தில் டனிகா நின்றிருந்தாள். மூன்று ஊர்களில் கடைசி ஊர்க்காரி. மகள் அணியின் முன்வரிசையில் ஆடுபவள். அவள் வேறு எதையோ பேசிவிட்டு, பணத்தைப் பைக்குள் போட்டபடி, முகம் பார்க்காமல் கேட்டாள்.

"அடுத்த வருஷம் பஸ் வருமா, ராஸ்? இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடு. பிள்ளைகிட்ட இப்பவே சொல்லி வச்சிடுவேன்."

திங்கட்கிழமை கமிட்டி கூடுகிறது, அப்போது தெரியும் என்றாள் ராஸ்லின். பால் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மதியம் மேற்கு வானம் ஈயமாய்க் கனத்திருந்தது. கொட்டகையில் நெவிலின் பழைய அறுவடை இயந்திரம் நின்றது. முப்பது வருஷமாக அவள் தானிய லாரி ஓட்டியவள். இதை ஓட்டியதெல்லாம் அவன் சாப்பிட உட்காரும் அரைமணி நேரங்களில்தான். இருக்கை அவன் காலுக்கு ஏற்றபடி பின்னால் தள்ளியிருந்தது. நுனியில் உட்கார்ந்து ஓட்டினாள். கதவருகே இறங்கினாள். தூணைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். அது வெறும் தூண், அடியில் புல் முளைத்திருந்தது. கையால் இழுத்தாள், வரவில்லை. பிறகு இடுப்பைக் கொடுத்துத் தூக்கினாள். சங்கிலி கழன்றது.

முதல் சுற்று கோணலாகப் போனது. இரண்டாவது சுற்றில் திரும்பும்போதுதான் சாலையில் புழுதியைக் கண்டாள். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று இயந்திரங்கள், பின்னால் லாரிகள். இயந்திரத்தில் இருந்த ரேடியோ கரகரத்தது.

"ராஸ், அது அறுப்பா, இல்ல முடிவெட்டா? பாதியை அப்படியே விட்டுட்டுப் போறியே" என்றான் கெல்வின்.

"வேலியில மோதாம உள்ள வரப் பாரு" என்றாள். ரேடியோப் பொத்தானைச் சட்டென்று விட்டாள்.

கிளைவ் தன் இயந்திரத்தை அவளுக்கு அருகில் நிறுத்தி இறங்கி வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"மூணு நாளா எங்க இருந்தீங்க?" என்று கேட்டாள் ராஸ்லின்.

"மூணு நாளா இந்த ரோட்டுலதான் போய்ட்டு வந்துட்டிருக்கோம். கதவு சாத்தியிருந்துச்சு." அவன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அவன் விழுந்த இடம். நீ திறக்காம நாங்க எப்படித் திறக்கறது? கூலிக்காரனையும் இதைத் தொட வேணாம்னு சொன்னியாமே. சரி, அவளுக்கு மனசு வரலை, விட்டுடுவோம்னு நெனச்சோம்."

"நான் உங்களுக்காகச் சொன்னேன்டா, மடையா. நீங்க வருவீங்கன்னு."

"நெவ் இருந்திருந்தா நம்ம ரெண்டு பேரையும் செவிட்டுல விட்டிருப்பான்" என்றான் கிளைவ். அதற்குமேல் பேச நேரமில்லை.

நான்கு இயந்திரங்களும் படிக்கட்டு போல ஒன்றன்பின் ஒன்றாகச் சற்று விலகி ஓடின. யாரும் டீக்கு நிறுத்தவில்லை. புதன்கிழமை ரொட்டியை லாரிக்காரர்கள் ராஸ்லின் வீட்டிலிருந்து எடுத்து வந்து ஜன்னல் வழியே கை மாற்றிக் கொடுத்தார்கள், காய்ந்துபோயிருந்தது, தின்றார்கள். காற்று திசை மாறியது. இளஞ்சிவப்புக் கிளிகள் கூட்டமாக எழுந்து கிழக்கே போயின. ராஸ்லின் ஒவ்வொரு முறை மேற்கே திரும்பும்போதும் மழைத்திரை ஒரு வேலி தாண்டி வந்திருந்தது. தூரத்துத் தானியக் கொட்டில்கள் மறைந்தன. பிறகு கெல்வினின் வீடு. செவ்வாய்க்கிழமை திறந்திருந்தால், என்று மட்டும் மனது திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு கதவு. ஒரு வார்த்தை.

ஆறு மணிக்குக் கண்ணாடியில் முதல் துளி விழுந்து, புழுதியில் கோடாக இறங்கியது. இன்னும் ஒரு சுற்று என்றான் கிளைவ் ரேடியோவில். அந்தச் சுற்று பாதியில் கதிர் ஈரத்தில் கனத்து, இயந்திரத்தின் வாய் அடைத்தது. லாரிகளை மூடிக்கொண்டு எல்லோரும் சாலைக்கு ஓட்டினார்கள்.

மூன்றில் ஒரு பங்கு அப்படியே நின்றது. லாரிகளில் ஏறிய பங்கு பஸ்ஸுக்குப் போதுமா என்று யாருக்கும் தெரியவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. நாலு நாள் வெயில் அடித்தால் நிற்பதில் கொஞ்சம் தேறலாம் என்றான் கெல்வின். ஒன்றும் தேறாது என்றான் அவன் லாரிக்காரன். டனிகாவுக்கு இன்று போன் செய்ய முடியாது என்று ராஸ்லின் நினைத்துக்கொண்டாள். செய்தால் என்ன சொல்வது?

கடைசியாக நின்றவன் கிளைவ். சட்டை முழுக்க நனைந்து, கதவின் கீலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு வந்து இதை மாத்திக் கொடுத்துடறேன், ராஸ்."

அவள் நிலத்தின் அந்த மூலையைப் பார்த்தாள். மழையில் கோதுமை மங்கலாகத் தெரிந்தது.

"அறுப்பு முடியட்டும்" என்றாள்.

அவன் வண்டி போன பிறகு கதவைச் சாத்தினாள். அதன் நுனி நான்கு விரற்கடை தொங்கிக்கொண்டிருந்தது. இடுப்பால் முட்டித் தூக்கிய பிறகுதான் சங்கிலி கொக்கியில் விழுந்தது.