தகராறில்லாத வீட்டிலிருந்து ஒரு விண்ணப்பம்

நடுவூர்ச் சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர விரும்புவோர் தங்கள் வீட்டிலிருந்து ஒரு தகராறைக் கொண்டுவர வேண்டும். மதிப்பெண்கள் அதற்கு அடுத்தபடிதான். பள்ளிப் படிப்பை முடித்தவுடன் சேரும் ஐந்தாண்டுப் படிப்புக்கு இளந்தகராறு போதும். பிள்ளையும் தகராறும் ஒன்றாக வளரட்டும் என்பது ஏற்பாடு. வேறொரு பட்டம் பெற்றபின் சேரும் மூன்றாண்டுப் படிப்புக்கோ முற்றிய தகராறு வேண்டும். இரவல் தகராறு செல்லாது. தீர்ந்துபோன தகராறைத் தூக்கிக்கொண்டு வருவோர் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவார்கள்.

ஊரிலிருந்த வக்கீல் குடும்பங்களுக்கு இது ஒரு பொருட்டாக இருந்ததில்லை. கொள்ளுத்தாத்தா காலத்து வரப்புத் தகராறு ஒன்றைக் கொல்லையில் கட்டிவைத்து, வேளாவேளைக்குத் தவிடும் வசையும் போட்டு வளர்த்தார்கள். அது ஆண்டுதோறும் குட்டி ஈன்றது. மூத்த பிள்ளைக்கு ஒன்று, இளையவனுக்கு ஒன்று, மருமகனுக்கு ஒன்று எனப் பிரித்துக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் பரம்பரை அறிவாளிகள் என்று ஊர் பேசிக்கொண்டது. கொல்லைப்புறத்தை ஊர் எட்டிப் பார்த்ததில்லை.

நப்பின்னையின் வீட்டில் தகராறு கிடையாது. அவளுடைய தந்தை மாசிலாமணி தபால் நிலைய எழுத்தர். தாய் அங்கயற்கண்ணி பள்ளியில் கணக்கு ஆசிரியை. பக்கத்து வீட்டுத் தேங்காய் இவர்கள் ஓட்டின் மேல் விழுந்து ஓடு உடைந்தால், தேங்காயைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மரம் நன்றாகக் காய்க்கிறது என்று பாராட்டியும் வருவார்கள். மூன்று தலைமுறையாகத் தங்கள் வீட்டில் தகராறே பிறந்ததில்லை என்பதை விருந்தாளிகளிடம் பெருமையாகச் சொல்வார்கள். செய்ததாகச் சொல்ல ஒன்றுமில்லாதவர்கள் செய்யாததைச் சொல்லிக்கொள்வது உலக வழக்கம்.

நப்பின்னைக்குச் சட்டத்தைத் தவிர வேறெதையும் படிக்கும் எண்ணம் இருந்ததில்லை. விடுமுறை நாள்களில் அவள் நீதிமன்றத்துக்குச் சென்று கடைசி வரிசையில் அமர்ந்திருப்பாள். நல்ல வழக்குகளைக் கெட்ட வக்கீல்கள் தோற்பதைப் பார்த்திருக்கிறாள். பார்க்கப் பார்க்க அவளுக்குள் ஓர் இகழ்ச்சி திரண்டது. பிறர் ஆசை என்று அழைப்பது அவளிடம் அந்த வடிவத்தில்தான் இருந்தது.

விண்ணப்பிக்கும் காலம் வந்ததும் அவள் முதலில் பக்கத்து வீட்டுக் கோதண்டம் மாமாவிடம் போனாள். மதிற்சுவருக்கு அப்பால் அவர் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் குழாயை மூடினார்.

"தாராளமா போடுவோம் பின்னை. நீ திட்டுறியா, நான் திட்டட்டுமா?"

"நீங்களே ஆரம்பிங்க மாமா."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொண்டையைச் செருமினார். "ஏய்! உங்க முருங்கைக் கிளை எங்க பக்கம் வந்து கம்பளிப்பூச்சியாக் கொட்டுது..." என்று தொடங்கியவர் சற்று யோசித்தார். "ஆனா அதுவும் ஒரு உசிர்தானே, பாவம்."

"மாமா!"

"இரும்மா, வருது. மனசுக்குள்ள வந்துடுச்சு, வாய்க்கு வரமாட்டேங்குது."

சுவரின் மேல் கொசு அளவில் ஏதோ ஒன்று துடிக்கத் தொடங்கியிருந்தது. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு அதைப் பார்த்தார்கள். அப்போது வீட்டுக்குள்ளிருந்து அத்தையின் குரல் கேட்டது.

"என்னங்க, பிள்ளைக்குக் காபி குடுத்துட்டுத் திட்டுங்க!"

கொசு அளவிலிருந்தது உயிரை விட்டது. நப்பின்னை காபியைக் குடித்துவிட்டு வந்தாள்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பயிற்சி மையம் இருந்தது. அங்கே தகராறுகளைச் செய்து விற்றார்கள். விலைக்கு வாங்குவது இரவல் ஆகாது என்று வாசலில் பலகை வைத்திருந்தார்கள். உள்ளே அவை வரிசை வரிசையாக, ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில் உட்கார்ந்திருந்தன. எதைத் தொட்டாலும் "நான் யார் தெரியுமா?" என்று கத்தியது. அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் எதற்கும் ஒன்றும் தெரியவில்லை. அவற்றை வாங்கிச் சென்றவர்களும் அப்படித்தான் இருந்தார்கள் என்பதை நப்பின்னை கவனித்தாள். வெறுங்கையோடு திரும்பினாள்.

அன்று மாலை அங்கயற்கண்ணி இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். மாசிலாமணி முறுக்குத் தட்டோடு சமையலறை வாசலில் நின்றார்.

"தகராறு கிடைக்கலேன்னா என்ன இப்போ? முதல்ல ஒரு டிகிரி படிக்கட்டும்," என்றார். "அப்புறம் மூணு வருஷச் சட்டம். சட்டம் ஒத்துவரலேன்னா பேங்க் பரீட்சையாவது எழுதலாம். கையில ஒரு பட்டம் இருக்கணும் பாரு."

"அஞ்சு வருஷப் படிப்புன்னா ஒரே மூச்சில முடிஞ்சிடும்," என்றாள் அங்கயற்கண்ணி.

"எதுக்கும் இருக்கட்டுமேன்னு சொல்றேன்."

"எதுக்கும் இருக்கட்டும்னுதானே நீங்களும் தாவரவியல் படிச்சீங்க? தபாலாபீஸ்ல எந்தச் செடிக்கு முத்திரை குத்துறீங்க?"

மாசிலாமணி முறுக்கைக் கடிப்பதை நிறுத்தினார். இருபது ஆண்டு மணவாழ்க்கையில் இத்தகைய வாக்கியம் அவர் காதில் விழுந்ததில்லை. ஆனாலும் பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"உன் தம்பியும் ஒரே மூச்சிலதான் இன்ஜினியரிங் படிச்சான். மூச்சு எங்க போய் நின்னுச்சு?"

கிரைண்டர் நின்றது. அதன் பின்னாலிருந்து கனைப்பது போல ஒரு சத்தம் வந்தது. நப்பின்னை குனிந்து பார்த்தாள். தேங்காய் அளவில், சூடாக, மாவு பூசிக்கொண்டு ஒரு தகராறு பிறந்து கிடந்தது. அவள் அதை ஈரத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டாள். பெற்றோரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் காலைப் பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டாள். நடத்துநர் அதற்கு அரை டிக்கெட் கொடுத்தார்.

சேர்க்கை அலுவலர் குணசீலன் துண்டை விலக்கி, தகராறின் காதைத் திருகிப் பார்த்தார். அது அவர் விரலைக் கடித்தது.

"அசல்தான்," என்றார். "எதப் பத்தினது?"

"நான் ஐந்தாண்டுப் படிப்பில் சேர்வதா, மூன்றாண்டுப் படிப்பில் சேர்வதா என்பதைப் பற்றியது, சார். அம்மா ஐந்து என்கிறார். அப்பா மூன்று என்கிறார்."

குணசீலன் நாற்காலியில் சாய்ந்தார். "அஞ்சில சேர்த்தா அம்மா ஜெயிச்சுடுவாங்க. அந்த நிமிஷமே இது செத்துடும். செத்த தகராறுக்கு நான் எப்படி இடம் குடுக்கிறது?"

"மூன்றில்?"

"இது பிஞ்சு. உன்கிட்டயும் பட்டம் இல்ல. வீட்டுக்குப் போம்மா. அடுத்த வருஷம் வேற நல்ல தகராறாக் கொண்டா."

பின்வரிசையில் நின்ற ஒரு வக்கீல் வீட்டுப் பிள்ளை பொறுமையிழந்தான். "அக்கா, சீக்கிரம்! என்னுது தூங்கிடும்போல இருக்கு." அவனுடைய தகராறு கொழுத்துப்போய், கூட வந்த கார் டிரைவரின் தோளில் சாய்ந்து கண் சொருகிக் கிடந்தது.

நப்பின்னை அசையவில்லை. வாழ்க்கையில் தான் நடத்தும் முதல் வழக்கு இதுவென்றும், எதிரே இருப்பவர் சட்டம் படிக்காதவர் என்றும் அவளுக்குப் புரிந்தது.

"நான் ஐந்தாண்டில் சேர்கிறேன், சார். தகராறு மூன்றாண்டில் சேரட்டும்."

"அதுக்கும் பட்டம் வேணுமே?"

"கலைக் கல்லூரிக்குப் போய் வாங்கிக்கொண்டு வரட்டும். பி.ஏ. வரலாறு. படித்து முடிப்பதற்குள் அதுவும் முற்றிவிடும். அம்மா சொன்ன வழியில் நான் போவேன். அப்பா சொன்ன வழியில் அது போகும். யாரும் ஜெயிக்கவில்லை, எதுவும் தீரவில்லை."

"ஆளுக்குப் பாதி கிடைச்சா சமாதானமாப் போயிட மாட்டாங்களா?"

"பாதி கிடைத்தவர்கள்தான் சார் மீதியை மறக்க மாட்டார்கள்."

குணசீலன் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தபடி சிந்தித்தார். சிந்திக்கப் பழகாதவர்களுக்கு அதற்கு ஏதேனும் சுழலும் பொருள் தேவைப்படுகிறது. பிறகு நிபந்தனையைச் சொன்னார்: அவள் பட்டம் வாங்கும்வரை தகராறு உயிரோடு இருக்க வேண்டும். பெற்றோர் சமாதானமாகிவிட்டால் அவளுடைய இடம் ரத்தாகும். நப்பின்னை ஒப்புக்கொண்டாள். வீட்டாரைக் கேட்டுச் சொல்கிறேன் என்ற பேச்சே அவளிடமிருந்து வரவில்லை.

சண்டை அறியாத அந்தத் தம்பதி, மகளுடைய படிப்புக்காகச் சண்டையை ஒழுங்காகக் கற்றுக்கொண்டார்கள். அடுப்பு இரண்டாயிற்று. தொலைக்காட்சி மாசிலாமணிக்கும், அதன் ரிமோட் அங்கயற்கண்ணிக்கும் சொந்தமாயின. கோதண்டம் மாமா சமாதானம் பேச வந்தபோது இருவரும் சேர்ந்தே அவரை வெளியே அனுப்பினார்கள். பிறகு சேர்ந்து செய்ததற்காக ஒருவரையொருவர் குறை கூறிக்கொண்டார்கள். தகராறு கலைக் கல்லூரியில் முன்வரிசையில் அமர்ந்து பாடம் கேட்டது. வருகைப் பதிவில் அது ஒரு நாளும் குறை வைக்கவில்லை. அதன் வகுப்பிலிருந்த மற்ற மாணவர்களைப் பற்றி அப்படிச் சொல்வதற்கில்லை.

ஒரே ஒருமுறை ஆபத்து வந்தது. முகலாயர் வரலாற்று வகுப்பில் தகராறு மயங்கி விழுந்துவிட்டதாகக் கலைக் கல்லூரியிலிருந்து செய்தி வந்தது. நப்பின்னை விடுதியிலிருந்து உடனே வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினாள்.

"அப்பா, காலையில அம்மாகிட்ட என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலியே."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"என்னையறியாம ஒரு வார்த்தை வந்துடுச்சு. ரசம் நல்லாயிருக்குன்னேன்."

"வாபஸ் வாங்குங்க."

"நல்லாத்தான் இருந்துச்சு பின்னை."

"எனக்குத் தேர்வு நடக்குதுப்பா."

மாசிலாமணி தொலைபேசியைக் கையில் பிடித்தபடியே சமையலறைக்குப் போனார். "ரசமா அது? கழுநீர்!" என்று அவர் சொல்வது நப்பின்னைக்குக் கேட்டது. "குடிச்ச கிண்ணத்த நீங்களே கழுவி வைங்க," என்ற தாயின் பதிலும் கேட்டது. தாயின் குரல் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தது. அதைப் பற்றி நப்பின்னை ஒன்றும் கேட்கவில்லை. தகராறு கண் விழித்து, முகலாயர்களை முதல் வகுப்பில் முடித்தது.

ஐந்தாண்டு முடிந்து நப்பின்னை பட்டம் பெற்றாள். அங்கி மாட்டி, வக்கீலாகப் பதிவு செய்துகொண்டு, மறுநாளே வீட்டுக்கு வந்து பெற்றோரை எதிரெதிரே உட்காரவைத்தாள்.

"போதும். இனிமேல் நீங்க சமாதானமாயிடலாம்."

எப்படித் தொடங்குவது என்பது இருவருக்கும் மறந்துபோயிருந்தது. பிறகு மாசிலாமணி, "இன்னிக்கு வெயில் அதிகம்தான்," என்றார். அங்கயற்கண்ணி, "ஆமாங்க," என்று சொல்ல வாயெடுத்தாள்.

"ஆட்சேபணை," என்றது தகராறு. அது அப்போது மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் இருந்தது. தூணுக்குத் தூண் கால் நீட்டிக் கூடத்தில் படுத்திருந்தது. தனக்கு வயது வந்துவிட்டதென்றும், தான் ஒரு பட்டதாரி என்றும், தன் எழுத்துமூலமான சம்மதமின்றித் தன்னைத் தீர்க்க எவருக்கும் உரிமையில்லை என்றும் அது எடுத்துச் சொன்னது. நப்பின்னை நூல்களைப் புரட்டிப் பார்த்தாள். அது சொன்னது சரியாகவே இருந்தது. அவள் படித்த சட்டத்தில் அவளுக்கு முதலில் பயன்பட்ட பகுதி, தான் தோற்றுவிட்டதை உறுதிசெய்த அந்தப் பகுதிதான். அங்கயற்கண்ணி எழுந்து தன் அடுப்பைப் பற்றவைத்தாள். மாசிலாமணி எழுந்து தம்முடையதைப் பற்றவைத்தார்.

ஓராண்டில் தகராறும் வக்கீலாயிற்று. அங்கிக்கு அளவெடுக்க வந்த தையற்காரர், அளவெடுக்கும்போதே அது வளர்ந்துகொண்டிருந்ததால் மூன்று முறை துணி வாங்கினார். அதனிடம் கட்சிக்காரர்கள் குவிந்தார்கள். இரு தரப்புக்கும் அதுவே வாதாடியது. எவரும் குறை சொல்லவில்லை. நப்பின்னையிடம் வந்தவர்கள் தகராறின் அறை எதுவென்று வழி கேட்க வந்தவர்களே. அவள் வழி சொல்லி அனுப்பினாள்.

அதை வீட்டைவிட்டு அனுப்ப முறையான வழி ஒன்றுதான் இருந்தது. திருமணமாகிப் போய்விட்டால் அது வேறொரு குடும்பத்தின் தகராறு. இவர்கள் பேசிக்கொள்ள அதன் சம்மதம் தேவைப்படாது. இதை நப்பின்னை சட்டப்படி எடுத்துச் சொல்ல, பெற்றோர் தனித்தனியே ஒப்புக்கொண்டு, தனித்தனியே தரகரிடம் சொல்லிவைத்தார்கள். மூத்தவள் இருக்கும்போது இளையதற்கு எப்படி என்று தரகர் கேட்டார். நப்பின்னை தனக்கு மறுநாள் வாய்தா இருப்பதாகச் சொன்னாள்.

நல்ல இடமாகவே அமைந்தது. மாப்பிள்ளை ஓர் ஒத்திவைக்கப்பட்ட தீர்ப்பு. பெரிய குடும்பம், நிதானமான சுபாவம், எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது. இன்னும் எழுதி முடிக்கப்படாததால் தலைக்கனமும் இல்லை. அவர் சார்பில் பெண் பார்க்க வந்தவர்கள் தகராறைப் பேசச் சொல்லிக் கேட்டார்கள், மாலைவரை கேட்டார்கள், மிகவும் பிடித்திருப்பதாகச் சொன்னார்கள்.

அழைப்பிதழில் தேதிக்குரிய இடம் வெற்றாக விடப்பட்டது. வாய்மொழியாகச் சொன்ன முகூர்த்தத்துக்கு ஊர் முழுவதும் வந்திருந்தது; மாப்பிள்ளை மட்டும் மறுதேதிக்கு ஒத்திவைக்கப்பட்டிருந்தார். பந்தியில் ஒரு கோடியில் மாசிலாமணியும் மறு கோடியில் அங்கயற்கண்ணியும் நின்று உபசரித்தார்கள். வடை முறுகலாக இருந்ததாக எல்லாரும் சொன்னார்கள். கையலம்பிவிட்டு, தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு, அடுத்த முகூர்த்தத்துக்கும் தவறாமல் வருவதாகச் சொல்லி விடைபெற்றார்கள்.