கவிழ்த்த சொம்பு

மொரப்பூரில் இருப்புப்பாதை வேலை முடிந்து திரும்பும் சவரிராயன், வேலிப்படலருகே நின்று முதலில் வாசற்படியைப் பார்ப்பான். பிறகே விசிலை எடுத்து மெல்ல ஒருமுறை ஊதுவான். தண்டவாளத்தில் வண்டி வருகிறதென்று அறிவிக்கும் அந்த ஒலிக்கு, பாதை பழுதுபார்க்கும் கேங் ஆட்கள் கடப்பாரையோடு விலகி நிற்பார்கள். வீட்டில் அதே ஒலிக்கு மதலேனம்மாள் சொம்புத் தண்ணீரோடு வந்து, அவன் குடித்து முடிக்கும்வரை தலைகுனிந்து நிற்பாள். மணமான புதிதில் இதைத் தொடங்கியவளே அவள்தான். "ஆளுங்களுக்கு மட்டுந்தான் ஊதுவீங்களா?" என்று சிரித்துக் கேட்டாள். அவன் சொல்லுக்குப் பணிவதில் அவளுக்கொரு தனி இனிமை இருந்தது. அதற்கொரு விதியையும் அவளே வகுத்தாள்: மனம் ஒப்பாத நாளில் சொம்பு படியில் கவிழ்ந்திருக்கும். அன்று விசில் சட்டைப்பையிலேயே கிடக்கும். ஏனென்று அவன் கேட்டதில்லை.

வண்டி வருவதைப் பார்த்து விசில் ஊதும் ஆளாக இருந்தவன், எண்பத்து மூன்றாம் ஆண்டில் கேங் மேஸ்திரியானான். அவ்வாண்டு ஐப்பசியில் ஒருநாள், மழைக்கு ஒதுங்கத் தன் ஆட்கள் இருவரை வீட்டுக்கு அழைத்து வந்தான். படியில் சொம்பு கவிழ்ந்திருந்தது; விசிலுக்குப் போன கையை அவன் இறக்கிக்கொண்டான். அதன் பொருள் அறியாத இளைய ஆள் பச்சியப்பன், "என்னங்க மேஸ்திரி, வூட்டுல விசில் எடுபடாதுங்களா?" என்றான்.

எக்ஸ்பிரஸ் வண்டிக்கு ஊதுவதுபோல் சவரிராயன் ஊதினான். அவள் கதவருகே வந்தாள்.

"எதுக்குக் கவுத்து வெச்ச? காரணத்தச் சொல்லு."

அவள் மற்ற இருவரையும் பார்த்தாள். குனிந்து சொம்பை நிமிர்த்தினாள், தண்ணீர் கொண்டுவந்தாள். வயதில் மூத்த தீர்த்தகிரி மட்டும் குடிக்கவில்லை. "கரடி வித்தை காட்டறவன்கூட, கரடி உறுமுனா கயித்தத் தளத்துவான் மேஸ்திரி" என்றான். சவரிராயன் சிரித்து மழுப்பினான்.

அதன்பின் சொம்பு கவிழவே இல்லை. எதற்கும் அவளிடமிருந்து "சரிங்க" என்ற ஒரே பதில். ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசைக்கு வரவேண்டாம் என்று அவன் சொன்னாலும் சரிங்க. முதலில் அது அவனுக்குப் பெருமையாகவே இருந்தது. மார்கழியில் ஒரு மாலை சொம்பை வாங்கியபோது அவள் விரல் பட்டது, காய்ச்சலில் கொதித்தது.

"ஏம்புள்ள, கவுத்து வெக்கக்கூடாதா?"

"கவுத்தா காரணம் கேப்பீங்களேங்க."

மறுநாள் பாதையில் அவனுக்கு வேலை ஓடவில்லை. ஆட்கள் பணிவது வரப்போகும் வண்டிக்காக. மறுப்பவனிடம் காரணம் கேட்டாக வேண்டும், இல்லையேல் உயிர் போகும். வேலை முடிந்தால் அவர்கள் யாருக்கும் கட்டுப்பட்டவர்களல்லர். அவள் பணிந்ததோ எந்த வண்டிக்காகவும் அல்ல. தன் கையால் கொடுத்தாள். வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை அவளுக்கு இருந்ததனால்தான் கொடுத்தாள். அந்த உரிமையை அவன் நாலுபேர் பார்க்கப் பறித்துவிட்டான். இப்போது அவளும் கேங்கில் ஓராள். வேலை முடியும் நேரந்தான் அவளுக்கு இல்லை.

அவள் காய்ச்சல் தணிந்து எழுந்த வாரம், அதே இருவரையும் அழைத்துவந்தான். படியில் சொம்பு நிறைந்து நின்றது. அவன் ஊதவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டான்.

"மதலேனா, அன்னிக்கி இவங்க முன்னால காரணம் கேட்டேன். தப்பு. இவங்க முன்னாலயே சொல்றேன். இனிமே கேக்கமாட்டேன்."

பச்சியப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தீர்த்தகிரி அவன் காலை மிதித்தான். சவரிராயன் விசிலைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துச் சொம்பருகே வைத்துவிட்டு, வேலிப்படல்வரை பின்னால் நகர்ந்து நின்றான்.

அவள் விசிலைத் தொடவில்லை. சொம்பை எடுத்தாள்; தண்ணீரை முருங்கை மரத்தடியில் மெதுவாக ஊற்றினாள். வெறுஞ்சொம்போடு படிக்குத் திரும்பி, அதை நிமிர்த்தி வைப்பதா கவிழ்த்து வைப்பதா என்று தெரியாதவள்போல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். ஸ்டேஷன் பக்கம் சரக்கு வண்டியொன்று கடந்துகொண்டிருந்தது. சவரிராயன் அசையாமல் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.