ஒரு முழம் ரப்பர் குழாய்

கண்ணாடிக்கடைக்காரரின் ஷெட்டில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவது ஆள் என்ற பேச்சே கிடையாது. கூரை துணி, பானெட் நீளம், வயதோ அவருடைய கல்யாணத்தைவிட மூத்தது. அவர் மனைவி, பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் டீச்சர், அதற்குச் சக்களத்தி என்று பெயர் வைத்திருந்தாள். பெயர் கச்சிதமாகப் பொருந்திவிட்டதால் வீட்டில் எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள். சில சமயம் மறந்துபோய் அவரும் கூப்பிட்டார்.

மனிதர் வாரம் முழுவதும் கடையின் இருட்டறையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கண்ணுக்கு முன்னால் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமையாவது கையில் கரி படிய ஏதாவது செய்யாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஒரு கோழிப்பண்ணையின் கொட்டகையில் துருவேறிக் கிடந்த வண்டியை இழுத்து வந்து, போல்ட் போல்ட்டாகக் கழற்றித் தேய்த்து மாட்டியவர் அவர்தான். வேறொருவருடைய ஸ்பேனர் அதன்மேல் படக் கூடாது. மெக்கானிக்கிடம் விடலாமே என்று யாராவது வாய் திறந்தால், பெற்ற பிள்ளையைத் தத்துக் கேட்டதுபோல் முகம் சுருங்கிவிடும்.

டீச்சர் பட்ட பாடு தனிக்கதை. இட்டிலித் தட்டு, இடுக்கி என்று அடுப்படிச் சாமான் எதையும் காணோம் என்றால் முதலில் ஷெட்டில் போய்த்தான் தேடுவாள். எது பல் தேய்க்கிற பிரஷ், எது கார்புரேட்டர் தேய்த்த பிரஷ் என்று ஒருநாள் குழப்பம் வந்ததிலிருந்து, தன் பிரஷ்ஷை பீரோவில் வைத்துப் பூட்டுகிறாள். வீட்டில் அவளுக்கு வாய் ஓயாது. ஆனால் அந்த வண்டியில் ஏறினால் மட்டும் ஊமையாகிவிடுவாள். போகும்போதும் பேச்சில்லை, வரும்போதும் பேச்சில்லை, இறங்கும்போது முகம் மட்டும் உம்மென்று இருக்கும். வண்டியை அவளுக்குப் பிடிக்கவில்லை என்று கண்ணாடிக்கடைக்காரர் முடிவு கட்டி, உள்ளுக்குள் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? டிவி அலறும். அவள் கூப்பிட்டால் நாலாவது தடவைதான் திரும்புவார். "நீ வாய்க்குள்ளயே பேசறே" என்பார். விளையாட்டு மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே அதட்டலில் பிள்ளைகளை நிறுத்துகிறவளைப் பார்த்து இப்படிச் சொல்ல ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். காதை ஒரு டாக்டரிடம் காட்டுங்கள் என்று அவள் சொன்னால், அது எப்படியோ அவருக்குக் கேட்கவே கேட்காது.

சமீப காலமாகச் சக்களத்திக்கும் உடம்பு சரியில்லை. நின்ற இடத்தில் கிடுகிடுவென்று ஆடுவாள், மேடு கண்டால் இருமுவாள். போன வாரம் பள்ளிக்கூட ஆண்டு விழா. டீச்சர் மேடையேறிப் பேச வேண்டிய நாள். பள்ளி வாசல் ஏற்றத்தில் வண்டி இரண்டு தும்மல் போட்டு நின்றேவிட்டது. அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் கூட்டமாக ஓடிவந்து, "டீச்சர் நீங்க இறங்காதீங்க" என்று சொல்லிவிட்டு, கோஷம் போட்டபடி உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். தலைமையாசிரியர் கைதட்டினார். விழாவில் அதுவும் ஒரு நிகழ்ச்சி என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு டீச்சரின் தம்பி வந்திருந்தான். புதுக் கார் விற்கிற ஷோரூமில் வேலை. பேச்சில் வெண்ணெய் தடவித்தான் தருவான்.

"அத்தான், வண்டிய எங்கிட்ட குடுத்துடுங்க. ஷோரூம் வாசல்ல வெச்சா வேடிக்கை பாக்கவே கூட்டம் வரும். அது ஓட வேண்டாம், சும்மா நின்னா போதும்."

நின்றால் போதும் என்றது சுருக்கென்று தைத்தது. கண்ணாடிக்கடைக்காரர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். "மாப்ள, வர்ற ஞாயித்துக்கிழம சாயங்காலம் உங்கக்காவ உக்கார வெச்சு, தண்ணித்தொட்டி மேட்டுல நிக்காம ஏத்திக் காட்டறேன். ஏறலன்னா சாவி உனக்கு."

"பேச்சு மாறக் கூடாது" என்றாள் டீச்சர், சாப்பாட்டு மேஜையைத் துடைத்தபடியே.

தண்ணீர்த்தொட்டி மேடு என்பது அவர்கள் தெருமுனையில் தொடங்கி, குடிநீர்த் தொட்டி நிற்கும் குன்றின் உச்சியில் முடிகிற சாலை. காஸ் சிலிண்டர் ஏற்றிய வண்டியே அதில் முக்கி முனகித்தான் ஏறும். வாரம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. தன் வண்டி ஒரு ஷோரூம் வாசலில், ஓடாமல், பலூன் கட்டி நிற்பதுபோல் நினைத்துப் பார்ப்பார், அழுகையே வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. ஸ்பார்க் பிளக், ஒயர், பெட்ரோல் பம்ப் என்று மாற்ற முடிந்ததையெல்லாம் மாற்றியாகிவிட்டது. ஆட்டம் நின்றபாடில்லை. மிச்சம் இருந்தது, மாதக்கணக்காகத் திருகியும் சரிப்படாத கார்புரேட்டர்தான். அந்த வண்டிக்கு மூச்சுவிட இரண்டு கார்புரேட்டர்கள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுத்தால்தான் என்ஜின் ஆடாமல் ஓடும். அளந்து பார்க்கக் கருவி உண்டு, ஆனால் நம்மவர் அதைச் சீந்தமாட்டார். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கார்புரேட்டர் வாயில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்தால் உஸ்ஸென்று சத்தம் வரும். இரண்டிலும் ஒரே உஸ் கேட்கும்வரை, காற்றைக் கூட்டிக் குறைக்கிற திருகைத் திருப்ப வேண்டியதுதான். காதைவிடக் கருவி உண்டா என்பது அவர் கட்சி.

பழைய நீளக் குழாய் வெடித்துப்போனதால், சில மாதம் முன்பு டீச்சரின் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிற ஹோஸில் வெட்டியது இந்தக் குழாய். ஒரு முழத்துக்கு மேல் வெட்டக் கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொன்னதால் அது குட்டையாக இருந்தது. வண்டிக்குப் பக்கவாட்டில் நின்று குனிந்தால், முன் கார்புரேட்டர் அவருக்கு வலக்கைப் பக்கம், பின்னது இடக்கைப் பக்கம். முன்னதை வலது காதால் கேட்பார், பின்னதை இடது காதால் கேட்பார். குட்டைக் குழாய்க்கு அதுதான் வசதி.

காலையிலிருந்து எத்தனை தடவை என்று தெரியாது, கேட்பதும் திருப்புவதுமாக இருந்தார். இரண்டும் ஒன்றுபோலவே கேட்டன. என்ஜின் மட்டும் குளிர் ஜுரம் கண்டதுபோல் நடுங்கியது. டீச்சர் டீயோடு வந்து அவருடைய இடப்பக்கம் நின்று கூப்பிட்டாள். திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். அதற்கும் இல்லை. வழக்கமாக இங்கே கோபம் வரும். இன்று ஏனோ, பரீட்சையில் காப்பியடிக்கிற பிள்ளையைக் கவனிப்பதுபோல் பேசாமல் நின்று பார்த்தாள். முன்னது, வலது காது. பின்னது, இடது காது. மறுபடி முன்னது. மறுபடி பின்னது.

அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு அவர் தோளைத் தட்டினாள்.

"இந்த வாளியக் கவுத்துப் போட்டு உக்காருங்க. கண்ண மூடுங்க."

"இப்ப விளையாடற நேரமா? நாலு மணிக்கு ஒந்தம்பி வந்துடுவான்."

"மூடுங்கன்னா மூடுங்க."

டீச்சர் குரலுக்கு ஷெட்டுக்குள்ளும் மதிப்பு உண்டு. உட்கார்ந்தார், மூடினார். அவள் தோட்டத்துக்குப் போய், மிச்சமிருந்த ஹோஸிலிருந்து தாராளமாக நீளத் துண்டு ஒன்றை வெட்டிக்கொண்டு வந்தாள். ஒரு முனையைக் கார்புரேட்டரில் வைத்தாள். மறுமுனையை முதலில் அவருடைய வலது காதிலும், பிறகு இடது காதிலும் வைத்தாள்.

"இது தெளிவா, அது தெளிவா?"

"மொதல்ல வெச்சது. இன்னொரு தடவ காட்டு."

காட்டினாள்.

"சந்தேகமே இல்ல, மொதல் கார்புரேட்டர்தான் சத்தமா இழுக்குது. ரெண்டாவது ரொம்ப மந்தம். அதத்தான் நான் மாசக்கணக்கா தெறந்துவிட்டுட்டே இருக்கேன்."

"கண்ணத் தெறங்க" என்றாள் டீச்சர். குழாயின் முனை நகரவேயில்லை. இரண்டு தடவையும் ஒரே கார்புரேட்டர்.

அவர் குழாயைப் பார்த்தார். கார்புரேட்டரைப் பார்த்தார். "குழாயில அடைப்பு இருக்கும்" என்றார். ஒரு பக்கத்துக் காதுக்கு மட்டும் அடைக்கிற குழாய் உலகத்தில் இல்லை என்பது சொல்லி முடிக்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. மந்தமாக இருந்தது கார்புரேட்டர் இல்லை. நன்றாக இருந்த ஒன்றை இந்தக் காதின் பேச்சைக் கேட்டுத் திறந்து திறந்து விட்டு, வண்டியைச் சீக்காளி ஆக்கியது அவரேதான்.

"கடையில கண்ணாடி போடக் கூச்சப்படறவங்ககிட்ட என்ன சொல்வீங்க?" டீச்சர் மெதுவாகத்தான் கேட்டாள். நல்லவேளையாக அவருடைய வலப்பக்கம் நின்றிருந்தாள்.

"கூச்சப்பட்டா பஸ் நம்பர் தெரியாதும்மா, கண்ணாடி போட்டா தெரியும்னு சொல்வேன்."

"அதேதான்."

அசடு வழிய எழுந்தார். நீளக் குழாயை வாங்கி, முன்னதையும் வலது காதிலேயே கேட்டார், பின்னதையும் வலது காதிலேயே கேட்டார். பின்னது புயல்போல் இரைந்தது. திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி அடக்கினார். என்ஜினின் நடுக்கம் குறைந்து, குறைந்து, நின்றது. டீச்சர் ஆறிப்போன டீ டம்ளரைத் தூக்கி என்ஜின் மேல் வைத்தாள். டீயில் மெல்லிய அலைதான் ஓடியது. ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் அந்த ஆறின டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

நாலு மணிக்கு மச்சினன் தன் புதுக் காரில் வந்து இறங்கினான். சக்களத்திக்குப் போர்த்த உறையும் கையோடு கொண்டுவந்திருந்தான். அவ்வளவு நம்பிக்கை. சிவப்பு வண்டி முன்னால், அவன் வண்டி பின்னால். பள்ளிக்கூட வாசலில் தும்மிய வண்டி, தண்ணீர்த்தொட்டி மேட்டில் ஒரு செருமல்கூட இல்லாமல் ஏறியது. முதல் வளைவு தாண்டியது, இரண்டாவது தாண்டியது. அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பெருமையைப் பங்குபோட இடப்பக்கம் திரும்பினார். இத்தனை வருஷமாக ஓட்டும்போது ரோட்டையும் மீட்டர் முள்ளையும் தவிர அவர் எதையும் பார்த்ததில்லை. டீச்சர் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய உதடு அசைந்துகொண்டிருந்தது.

அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

உச்சியில், தொட்டியின் நிழலில், வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்தார். முழு உடம்பையும் திருப்பி வலது காதை அவள் பக்கம் கொடுத்தார்.

"இப்ப வழியில என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்ல. வெயில் நல்லாருக்குன்னேன்."

"எப்பவும் இப்படித்தான் பேசிட்டு வருவியா?"

"பின்ன? மொதமொதல்ல ஏறின அன்னிக்கே சொன்னேன், வண்டி நல்லாருக்கு, உங்களுக்கு நல்ல கைன்னு. நீங்க திரும்பிக்கூடப் பாக்கல. இந்தச் சிறுக்கி மேல ஏறிட்டா பொண்டாட்டி கண்ணுக்குத் தெரிய மாட்டான்னு நெனச்சேன். அப்புறமும் பேசிட்டுத்தான் வந்தேன். பழக்கம்."

உம்மென்ற முகத்துக்கு அன்றுதான் அவருக்கு அர்த்தம் புரிந்தது. அந்த முதல் நாள் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவள் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லமாட்டாளா என்று வழியெல்லாம் ஏங்கிக்கொண்டுதான் அவர் ஓட்டினார். அவளோ அவருடைய தோளுக்குப் பக்கத்திலேயே அதைச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"நாளைக்குக் காலைல மொத வேலையா காது டாக்டர்" என்றார். அவள் கேட்காமலேயே.

பின்னாலேயே வந்து நிறுத்திய மச்சினன் இறங்கி நடந்து வந்தான். "அத்தான், ஒத்துக்கறேன். வெண்ணெயாட்டம் ஏறுது" என்றான்.

கண்ணாடிக்கடைக்காரர் சாவியை உருவிக்கொண்டு இறங்கி, வண்டியைச் சுற்றி இடப்பக்கம் வந்தார். சாவியை நீட்டினார். பழைய ஞாபகத்தில் மச்சினன் கையை நீட்டிவிட்டு, பிறகு சுதாரித்துத் தலையைச் சொறிவதுபோல் இழுத்துக்கொண்டான். சாவி அவனுக்கு இல்லை.

"நீ ஓட்டு" என்றார் டீச்சரிடம்.

"நானா? ஏங்க, நான் லைசென்ஸ் எடுத்து எத்தன வருஷமாச்சு, இத மட்டும் யாரையும் தொட விடமாட்டீங்களே."

"நீ அந்தப் பக்கம் உக்காந்தா நீ பேசறது எனக்குக் கேக்கும்."

டீச்சர் சாவியை வாங்கிக்கொண்டு இறங்கினாள். சுற்றிப்போய் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, சாவியைத் திருப்பினாள். சக்களத்தி முரண்டு பிடிக்காமல் கிளம்பினாள். மேட்டிலிருந்து வீட்டுவாசல்வரைக்கும் டீச்சர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஓட்டினாள். கூரைத் துணியில் ஓட்டை என்றாள், சீட் முதுகைக் குத்துகிறது என்றாள், இட்டிலித் தட்டு இன்னும் வந்து சேரவில்லை என்றாள். இனிமேல் ஞாயிற்றுக்கிழமை இந்த வண்டியைத் தான்தான் ஓட்டப்போவதாகவும் சொன்னாள். ஒரு வார்த்தை விடாமல் அத்தனையும் அவருக்குக் கேட்டது.