இளவரசியின் பத்தாவது பந்து

என் ஹாக்கி கிரவுண்டில் ஒரு சட்டம் உண்டு. பெனால்டி கார்னர் செட்டில் பந்தை நிறுத்துகிறவள், தொடர்ந்து பத்துப் பந்தைச் சுத்தமாக நிறுத்தாமல் வீட்டுக்குப் போகக் கூடாது. ஒன்பது நிறுத்திவிட்டுப் பத்தாவதை விட்டால் மறுபடியும் ஒன்றிலிருந்து. கடைசியில் நான் "பத்து" என்று சொல்ல வேண்டும். அவள் எண்ணுவது கணக்கில்லை, கூட நிற்பவர்கள் எண்ணுவதும் கணக்கில்லை. நான் சொன்னதும் செட்டில் இருக்கும் மூன்று பேரும் மட்டையால் தரையில் ஒரு தட்டு தட்டுவார்கள். அத்துடன் பிராக்டீஸ் முடிந்தது. திண்டிவனத்தில் இந்தப் பெண்கள் காலேஜில் இருபத்திரண்டு வருஷமாக பி.டி. மேடம் நான். பெயர் பவுலின். பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், அதுவும் எனக்குத் தெரியும்.

ஹாக்கி டீம் என்றால் பதினோரு பேரைப் பொறுக்கி நிறுத்துவது என்று எங்கள் பிரின்சிபால் நினைக்கிறார். என்னத்தைச் சொல்ல! முன்வரிசையை ஜோடி ஜோடியாகக் கட்ட வேண்டும். வேகமாக ஓடுகிறவள் பக்கத்தில் நிதானமாகப் பார்க்கிறவள், அவள் பக்கத்தில் பயமே இல்லாத ஒரு முரட்டுக் கழுதை. எதிர் டீமில் ஒருத்தி பச்சை அட்டை வாங்கி இரண்டு நிமிஷம் வெளியே உட்கார்ந்தால், அந்த இரண்டு நிமிஷத்துக்கென்றே தனியாக ஒரு செட் வைத்திருப்பேன். ஆள் குறைந்து அவர்கள் திணறும்போது, கோலுக்கு முன்னால் அரைவட்டமாகப் போட்டிருக்கும் 'டி'க்குள் புகுந்து பெனால்டி கார்னர் வாங்குவது அந்த செட்டின் வேலை. வாங்கியதைக் கோலாக்குவது மூன்று பேரின் வேலை. அமலா கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளுவாள். 'டி'யின் உச்சியில் இளவரசி நிறுத்துவாள். ஆரோக்கிய ஜெனித் அடிப்பாள்.

இதில் நிறுத்துவதுதான் கஷ்டம். எங்களுடையது கிராவல் கிரவுண்ட். ஒரு சின்னக் கல் போதும், பந்து முழங்கால் உயரத்துக்கு எகிறும். இளவரசி வந்து நின்றதும் இடது ஷூவால் கல்லையெல்லாம் பெருக்கித் தள்ளுவாள். பின்னலை ஜெர்சி கழுத்துக்குள் செருகிக்கொள்வாள். மட்டையை இரண்டு முறை தரையில் தட்டிவிட்டுப் படுக்க வைப்பாள். பந்து வந்தால் 'டக்'. அந்த இடத்திலேயே கிடக்கும்.

ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை. ஐந்தரைக்கே ஒன்பது நிறுத்திவிட்டாள். பத்தாவதும் நின்றது. அசையாமல் நின்றது, என் கண்ணால் பார்த்தேன். ஆனால் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் பையை எடுக்கப் போய்விட்டாள்.

"பஸ்ஸு போயிடும் மேடம், அம்மா காத்துக்கினு இருக்கும்" என்று சிரித்தாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் சொல்லாமல் இவள் எப்படி முடித்துக்கொள்ளலாம்?

"பந்து ஆடிச்சி. கணக்கில்ல. மொதல்லேர்ந்து ஆரம்பி" என்றேன்.

ஜெனித்தும் அமலாவும் தட்டுவதற்காகத் தூக்கிய மட்டையை மெல்லக் கீழே இறக்கினார்கள். இளவரசி மறுபடி வந்து நின்றாள். இந்த முறை ஒன்பது நிறுத்தினாள். பத்தாவது பந்து வரும்போது ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள், பந்து போய்விட்டது. "சரி போ, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றேன். அவள் ஊர் முண்டியம்பாக்கத்தில் நிற்கிற அந்த பஸ் அதற்குள் போய்விட்டது. அடுத்து வருவதெல்லாம் பைபாஸில் பறக்கிற வண்டி. சித்தப்பா மகன் மணிமாறனுக்கு போன் பண்ணி அவன் பைக்கில் ஏறிப் போனாள். கூட்டேரிப்பட்டு ஜங்ஷனில் டிப்பர் லாரி. மணிமாறன் காலொடிந்து பிழைத்தான். அவள் பிழைக்கவில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா கோவிந்தம்மாள் மல்லாட்டைக் கொல்லை வைத்து வேர்க்கடலை பிடுங்கும் பொம்பளை, உள்ளங்கையெல்லாம் மண் ஏறிப்போனவள். அழுது முடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அன்னிக்கு எம்பொண்ணு எத்தினி நிறுத்துனா மேடம்?"

பத்து என்று சொன்னால், அப்புறம் ஏன் அவ்வளவு நேரம் வைத்திருந்தீர்கள் என்று கேட்பாளே!

"ஒம்போது" என்றேன்.

அவள் கையை விட்டுவிட்டாள். "ஒம்போதா?" என்று தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டாள். கடைசியாக நிறுத்தியது ஒன்பதுதானே, அது பொய் இல்லை என்று பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்று மாதம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். பாவி.

செப்டம்பரில் செட்டை மறுபடி கட்ட ஆரம்பித்தேன். நவம்பர் கடைசியில் விழுப்புரத்தில் ஸோன் மேட்ச். இளவரசி இடத்தில் ஒருத்தியை நிறுத்தினேன். ஒன்பது பந்தை அழகாக நிறுத்தினாள். பத்தாவதில் 'டக்' என்று சத்தம் கேட்டது, நானும் "பத்து" சொல்ல வாயெடுத்தேன். பார்த்தால் பந்து நடுக்கோட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. மறுநாள் வேறொருத்தி. ஒன்பது, 'டக்', பந்து ஓடிவிட்டது. மூன்றாவதாக நிறுத்தியவள் ஒரே வாரத்தில் காய்ச்சல் என்று லீவு போட்டவள்தான், திரும்பி வரவே இல்லை.

கல்லைக் குறை சொன்னேன். மட்டையைக் குறை சொன்னேன். அமலாவைப் பிடித்து, "எரும, ஒழுங்கா தள்ளத் தெரியாதா?" என்று கத்தினேன். அவள், "பத்தாவது மட்டும் என் கைய விட்டுப் போறதே தெரிய மாட்டேங்குது மேடம்" என்று அழுதாள்.

ஒரு சனிக்கிழமை, எல்லாரும் போன பிறகு அமலாவை மட்டும் இருக்கச் சொல்லி நானே மட்டையை எடுத்து நின்றேன். நான் ஸ்டேட்டுக்கு ஆடியவள், இதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. ஒன்பது பந்தும் சொன்ன பேச்சைக் கேட்டன. பத்தாவது நேராக வந்தது. மட்டையில் பட்டது. உள்ளங்கை வரைக்கும் அந்த அதிர்வு ஏறியது. சத்தமும் கேட்டது. நான் குனிந்தபடியே மட்டைக்கு முன்னால் பார்த்தேன், பந்து இல்லை. பின்னால் வெகுதூரத்தில் அது இன்னும் உருண்டுகொண்டிருந்தது. வீட்டுக்குப் போய் ஜெபமாலையை எடுத்தேன். பத்தாவது மணிக்குமேல் விரல் நகரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபரில் வெண்ணிலா வந்தாள். வல்லம் பக்கம், லேட் அட்மிஷன், முதல் வருஷம். அம்மா இல்லை, அக்கா வீட்டில் வளர்கிற பெண். இளவரசியை அவள் பார்த்ததே கிடையாது. 'டி' உச்சியில் போய் நில்லு என்றேன். போனாள். இடது ஷூவால் கல்லைப் பெருக்கித் தள்ளினாள். பின்னலை எடுத்து ஜெர்சி கழுத்துக்குள் செருகினாள். மட்டையை இரண்டு தட்டு தட்டினாள்.

ஜெனித் என்னைப் பார்த்தாள். நான் ஜெனித்தைப் பார்க்கவில்லை.

"யாரு சொல்லிக் குடுத்தது இதெல்லாம்?"

"இந்த எடத்துல கல்லு எழும்பும், பெருக்கிட்டு நில்லுன்னு அக்கா சொன்னாங்களே மேடம்."

"எந்த அக்கா?"

அவள் ஜெனித் பக்கம் திரும்பினாள். அப்புறம் அமலா பக்கம். "இவங்க இல்லியா?" என்றாள் குழப்பத்தோடு.

அன்றைக்கே அவளை அந்த இடத்திலிருந்து விலக்கியிருக்க வேண்டும். செய்தேனா? இல்லை. பெண் அவ்வளவு அருமையாக நிறுத்தினாள்! அவளை வைத்து ஆறு பிராக்டீஸ் மேட்சில் ஐந்து கார்னர் கோல். மேட்சில் யாரும் பத்து வரை எண்ணுவதில்லையே. செட் அமைந்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. பிராக்டீஸில் மட்டும் அவளும் ஒன்பதிலேயே நின்றாள். மற்றவர்கள் பயந்து ஓடினார்கள், இவள் ஓடவில்லை. "இன்னொரு தடவ மேடம்" என்பாள். ஐந்தரை, ஆறு, ஆறே கால் என்று நாளுக்கு நாள் நேரம் தள்ளிப்போயிற்று. வல்லம் பஸ் போய்விடுவதால், அக்கா புருஷன் புகழேந்தி பைக்கில் வந்து அழைத்துப் போக ஆரம்பித்தார். விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்து கிடந்தது. முகம் மட்டும் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும்.

ஸோன் மேட்சுக்கு நாலு நாள் முன்னால், மழை வருகிற மாதிரி மூடம் போட்ட ஒரு வியாழக்கிழமை. ஆறு மணிக்கே மப்பாகிவிட்டது. கேட்டில் புகழேந்தி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். "ஜல்தி வாம்மா! மழ புடிச்சிக்கிச்சின்னா பேஜாரா பூடும்!" என்று சத்தம் போட்டார். வெண்ணிலா திரும்பவே இல்லை. ஏழாவது முறையாக ஒன்பதில் நின்றது.

"போதும். கெளம்பு" என்றேன்.

"ஒம்போதுதான் மேடம் ஆச்சி."

"நான் சொல்றேன், பத்து. போ!"

"ஒம்போதுதான் மேடம்."

"சட்டமே இல்ல, எடுத்துட்டேன். கெளம்புடின்னா!"

அவள் மறுபடி ஷூவால் கல்லைப் பெருக்கினாள். கோல் கோட்டில் அமலா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நான் நிறுத்தலாம்னுதான் பாக்குறேன் மேடம், கையி கேக்கல" என்றாள். பந்து கிளம்பியது. ஒன்று. இரண்டு. நான் ஓடிப்போய் வெண்ணிலாவின் தோளைப் பிடித்து இழுத்தேன். ஐம்பது கிலோகூட இருக்க மாட்டாள், நட்டுவைத்த கோல் போஸ்ட் மாதிரி நின்றாள். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"பஸ்ஸு போயிடும் மேடம், அம்மா காத்துக்கினு இருக்கும்."

வெண்ணிலாவுக்கு அம்மா கிடையாது. கேட்டில் அந்த பைக் உறுமிக்கொண்டிருக்கிறது. அதே வியாழக்கிழமை, அதே நேரம், மழை வேறு. இந்தப் பெண்ணையும் ரோட்டில் கொடுக்கப் போகிறேன் என்று எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. ஏழு, எட்டு என்று பந்து வந்துகொண்டே இருந்தது. ஒன்பதாவது 'டக்' என்று நின்றது.

"இரு அமலா!" என்று கத்தினேன். "அன்னிக்கு இளவரசி நிறுத்துன பத்தாவது பந்து ஆடல. சுத்தமா நின்னுச்சி. நான் பாத்தேன். நான் சொல்றதுக்கு முந்தி பையை எடுத்துட்டாளேன்னு கோவத்துல கணக்கில்லன்னு சொன்னேன். தப்பு எம்மேல. கேக்குதா? எம்மேலதான்!"

கேட்டில் ஹாரன் நின்றுவிட்டது.

ஜெனித் மெதுவாகச் சொன்னாள். "எங்களுக்குத் தெரியும் மேடம். நாங்களும் பாத்தோம். உங்களுக்குப் பயந்துக்கினு யாரும் வாயத் தெறக்கல."

அமலா பந்தைத் தள்ளினாள். பந்து கரகரவென்று கிராவலில் வந்தது. 'டக்'. வெண்ணிலாவின் மட்டைக்கு முன்னால் அது நின்றது. துளிகூட ஆடவில்லை. நான் குனிந்து, கிட்டப் போய்ப் பார்த்தேன். பந்தில் ஒட்டியிருந்த செம்மண்ணைக்கூடப் பார்த்தேன்.

"பத்து" என்றேன்.

மூன்று பேரும் மட்டையால் தரையில் தட்டினார்கள். மூன்று மட்டை. நான்கு தட்டு கேட்டது. எண்ணுவதில் நான் தப்புப் பண்ணுகிறவள் இல்லை, பண்ணியது ஒரே ஒரு முறைதான்.

வெண்ணிலா தூங்கி எழுந்தவள் போல முழித்துவிட்டு, உரிந்துபோன கையைப் பார்த்து "ஐயோ, எரியுதே" என்று அழ ஆரம்பித்தாள். பச்சைப் பிள்ளை. நானே அவள் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குப் போனேன். "பைக்கை இங்கயே வுட்டுட்டு பஸ்ஸுல கூட்டிக்கினு போங்க" என்று புகழேந்தியிடம் சொன்னேன். முறைத்தார். நானும் முறைத்தேன். பஸ் ஏறினார்கள்.

அப்புறம் மழைக்கு பெவிலியன் ஓரம் ஒதுங்கி நின்று கோவிந்தம்மாளுக்கு போன் போட்டேன். மூன்று மாதமாக அந்த நம்பரைப் பார்க்கவே தைரியம் இல்லாமல் இருந்தவள் நான்.

"பவுலின் மேடம் பேசுறேம்மா. அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேன். உங்க பொண்ணு பத்து நிறுத்துனா. நான்தான் கோவத்துல இல்லன்னு சொல்லி, இன்னும் நிக்க வச்சி, பஸ்ஸ வுட வச்சேன்."

திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

"பைக்குல ஏறுறப்ப எனக்குப் போன் பண்ணா மேடம்" என்றாள் கோவிந்தம்மாள். "'யம்மா, பத்து நிறுத்திட்டேன், மேடமே சொல்லிட்டாங்க, வந்துக்கினே இருக்கேன்'னா. அதான் கடசிப் பேச்சி. அப்பறம் நீங்க வந்து ஒம்போதுன்னீங்க. சாவப்போற நேரத்துல பெத்தவகிட்ட ஒரு பொய்யச் சொல்லிட்டுப் போயிட்டாளேன்னு மனசு ஆறல மேடம். மூணு மாசமா அவ போட்டோவுக்கு நான் வெளக்கு ஏத்தல."

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நீங்க சொன்னீங்களா மேடம், பத்துன்னு? உங்க வாயால?"

"சொன்னேம்மா" என்றேன். அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் சொன்னேன் என்று சொல்லவில்லை.

"இருங்க, வர்றேன்" என்று அவள் போனைக் கீழே வைத்தாள். நடந்து போகிற சத்தம் கேட்டது. தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டது. முதல் குச்சி பற்றவில்லை. இரண்டாவதை உரசினாள்.