முதல் தோட்டா

கரடி நவ்ஸரைக் கிழித்துப் போட்ட நாளிலிருந்து கோலந்தாம் தன் கணவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. செத்தவன் அவளுடைய ஒரே தம்பி. அவன் பக்கத்தில் துப்பாக்கியோடு நின்றவன் அவளுடைய கணவன் மந்தனி. முதல் குண்டு கரடியின் தோளில் பட்டது. இரண்டாவது குண்டு வரவே இல்லை.

"வெடிச்ச தோட்டா உள்ளேயே மாட்டிக்கிச்சு. போல்ட்டை இழுத்தா வெறும் போல்ட்டுதான் வருது" என்று மந்தனி சொல்லாத ஆளில்லை. யார் நம்பினார்கள்? மறுநாள் அவனுடைய மாமனார் கான்மிர்ஸா, குழலுக்குள் கம்பியை விட்டு அந்தக் காலிக்கூட்டைத் தட்டி எடுத்தார். மேகசினில் தோட்டாக்களை நிரப்பி, மகனின் சவத்துக்கு முன்னால் நின்று வழக்கப்படி வானத்தைப் பார்த்துச் சுட்டார். ஒவ்வொரு கூடும் துள்ளித் துள்ளி வெளியே விழுந்தது. அத்தோடு மந்தனியின் மானம் போயிற்று.

"துப்பாக்கி நல்லாத்தான்பா இருக்கு. கைதான் நடுங்கிப்போச்சு" என்று அவன் காதுபடவே பேசினார்கள். ஊர் வாயை மூட உலை மூடியா இருக்கிறது?

கடைசியில் கான்மிர்ஸாவே வழி சொன்னார். "இஸே ஊருக்குக் கொண்டு போ. அங்க துப்பாக்கி ரிப்பேர் பண்ற உஸ்தாத் ஹைபத் பார்க்கட்டும். துப்பாக்கியில கோளாறுன்னு அவர் சொன்னா, எல்லார் முன்னாடியும் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன். இல்லேன்னா எம் பொண்ணு எங்கூட வந்துடுவா."

கோலந்தாமும் கிளம்பினாள். தன் காதால் கேட்க வேண்டுமாம்.

உஸ்தாத் ஹைபத் சிடுமூஞ்சி. டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். "கூடு வெளியே வந்து மேலேயே விழுந்து கிடந்துச்சா, வெளியே வரவே இல்லையா? அது வேற வியாதி, இது வேற வியாதி."

"வரவே இல்ல உஸ்தாத்."

"அப்ப தள்ளிவிடற பல்லு மேல தப்பில்ல. இழுக்கற இடத்துலதான் பார்க்கணும்."

தோட்டா உட்காரும் அறைக்குள் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். துரு இல்லை, கீறல் இல்லை. மந்தனி கொண்டுவந்திருந்த, மாட்டிக்கொண்ட கூட்டை விரலில் உருட்டினார். வீக்கமும் இல்லை. கடைக்குப் பின்னால் போய் மேகசினை நிரப்பி மண்மேட்டில் சுட்டார். எல்லாக் கூடுகளும் ஒழுங்காக வந்து விழுந்தன. மனைவியின் முகத்தைப் பார்க்கும் தைரியம் மந்தனிக்கு இல்லை. பாவி, இனி என்ன சொல்லித் தப்புவான்?

உஸ்தாத் போல்ட்டைக் கழற்றிக் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டார். "அட!" என்றார். "இங்க பாரு. இதுதான் கொக்கி. தோட்டாவோட விளிம்பைப் பிடிச்சு வெளியே இழுக்கறது இதுதான். நுனியில பாதி உடைஞ்சிருக்கு. எந்தக் கழுதை பண்ணின வேலை இது?"

"என்ன வேலை உஸ்தாத்?"

"இந்த பெர்னோ துப்பாக்கிக்குத் தோட்டா மேகசின்லேர்ந்து ஏறணும்டா. கீழேயிருந்து வரும்போது விளிம்பு தானா கொக்கிக்குள்ள சறுக்கி உக்காரும். யாரோ ஒத்தைத் தோட்டாவைக் கையால நேரா அறைக்குள்ள போட்டுப் போட்டு, போல்ட்டை அடிச்சு மூடியிருக்காங்க. கொக்கி விளிம்பு மேல முட்டி முட்டி உடைஞ்சுடுச்சு. மேகசின்லேர்ந்து ஏத்தினா மிச்ச நுனி எப்படியோ பிடிச்சுக்கும். கையால போட்ட தோட்டாவை இனிமே அது எங்க பிடிக்கும்?"

மந்தனிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. துப்பாக்கிதான்! நான் இல்லை! சந்தோஷமாகத் திரும்பியவன், மனைவியைப் பார்த்ததும் அப்படியே உறைந்தான். அவள் தன் வலது கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆண் துப்பாக்கியோடு கூடாரத்தைவிட்டுக் கிளம்பும்போது முதல் தோட்டாவை மனைவிதான் வைப்பாள். விரலால் அறைக்குள் தள்ளி, கடவுள் பேரைச் சொல்லி, போல்ட்டை அறைந்து மூடிக் கொடுப்பாள். அந்த மலையில் அதுதான் கைராசி. கல்யாணமான நாளிலிருந்து கோலந்தாம் ஒரு நாளும் தவறியதில்லை.

"அந்தக் கழுதை நாந்தான் உஸ்தாத்" என்றான் மந்தனி. "அவசரத்துல நான்தான் அப்படிப் போடுவேன்."

"நல்ல கழுதைதான்" என்று முணுமுணுத்தபடி உஸ்தாத் புதுக் கொக்கியைத் தேடினார்.

மலைப்பாதையில் பாதி தூரம் ஏறியபின் கோலந்தாம் வாய் திறந்தாள். "எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"யார் போட்டா என்ன? செத்தவன் வரப்போறானா?"

"நீங்க கெடுத்ததுன்னா அப்பா என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாரு."

"போயேன். எம்மேல கோவமா அங்க இரு. தம்பியைக் கொன்னவள்னு பேர் வாங்கிட்டு இங்க இருக்கறதுக்கு அது மேல்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

கான்மிர்ஸா தன் கூடாரத்துக்கு வெளியிலேயே காத்திருந்தார். கூடாரத் துணிக்கு அந்தப் பக்கம் கோலந்தாமின் அம்மா தோல்பையை ஆட்டி மோர் கடையும் சத்தம் கேட்டது. மகன் போனபின் அவள் வேலையை விட்டு நிமிர்வதே இல்லை.

"என்ன மாப்ளே, என்ன சொன்னாரு?"

"கோளாறு துப்பாக்கியிலதான் மாமா. ஆனா கெடுத்தது நான். தோட்டாவைக் கையால போட்டுக் கொக்கியை உடைச்சுட்டேன்."

"அடப்பாவி! பயந்திருந்தாக்கூட மன்னிச்சிருப்பேனேடா! உன் மடத்தனத்துக்கா எம் புள்ளை செத்தான்?" அவர் கத்திய கத்தலில் நாய்கள் எழுந்து நின்றன. "கோலந்தாம், துணிமணியை எடுத்துக்கிட்டு இங்க வந்துடு!"

அவள் நகரவில்லை. "அவரு எப்பப்பா தோட்டா போட்டாரு? நம்மள்ல எந்த ஆம்பளை முதல் தோட்டாவைப் போட்டிருக்கான்? நான் போட்டேன்பா. அன்னிக்குக் காலையிலயும் நாந்தான் போட்டேன். எப்படித் தள்ளணும், எப்படி அறைஞ்சு மூடணும்னு அம்மா சொல்லிக் குடுத்தபடிதான்…"

உள்ளே மோர் கடையும் சத்தம் நின்றது.

கிழவரின் முகம் வெளுத்துவிட்டது. மகளின் வாயைப் பொத்தினார். மறு கையால் மந்தனியின் மணிக்கட்டைப் பிடித்தார். "மாப்ளே" என்றார் மூச்சுக்குள். "உன் காலைத் தொட்டுக் கேக்கறேன். நீயே போட்டதா இருக்கட்டும். உள்ள இருக்கறவ தாங்க மாட்டா."

மந்தனி கூடாரத்தின் பக்கம் திரும்பி, உள்ளே கேட்கும்படி உரக்கச் சொன்னான். "அவ என்னைக் காப்பாத்தறதுக்குச் சொல்றா மாமா. நாந்தான் போட்டேன்!"

தோல்பை மறுபடியும் அசைகிறதா என்று மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.