வியாழக்கிழமை வரைக்கும்

அனுமதிப் படிவத்தில் அவள் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் உடல் கெடாமலிருக்க எம்பாமிங் செய்பவர் கையுறையை மாட்டிவிட்டார்.

"உங்க அண்ணன் என்னிக்கும்மா வர்றார்?"

"வியாழக்கிழமை. நாலு நாள் தாங்குமா?"

"பத்து நாள்கூடத் தாங்கும்."

காலையில் இறந்த அப்பா மேஜையில் கிடந்தார். நாற்பது வருஷம் தச்சுப் பட்டறையில் மரத்தை முறைத்து முறைத்துப் புருவங்களுக்கு நடுவே இரண்டு கோடு விழுந்திருந்தது. 'அதுல பென்சிலையே சொருகி வைக்கலாம்' என்பாள் அம்மா, இருந்தவரை. இப்போதும் யாரையோ திட்ட வாயெடுத்தவர் போலத்தான் இருந்தார்.

பட்டறை வேண்டாம் என்று அண்ணன் கிளம்பிப்போய்ப் பதினோரு வருஷம். அதற்கப்புறம் அப்பா அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தாநாள் ஆஸ்பத்திரியில் அவள் போனை அவர் காதில் வைத்தாள். "அப்பா, நான்தான்" என்றது அண்ணனின் குரல். அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "தூங்குறார்ண்ணா" என்று சொல்லிச் சமாளித்தாள்.

காத்திருப்பதில் கூட வந்திருந்த அத்தைக்கு இஷ்டமில்லை. "அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்னவருடி எங்கண்ணன். இப்ப இவரை மருந்துல ஊறப்போட்டுக் காட்டணுமாக்கும்?"

"கழுத்து நரம்பு வழியா மருந்து ஏத்துவேன்" என்றார் எம்பாமிங் செய்பவர். "ஏறும்போது நீவிவிட்டா இந்தக் கோடு ரெண்டும் போயிடும். இறுகினப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது. இவர் எப்பவும் இப்படித்தானா?"

"இப்படித்தான்."

அவர் குப்பியைத் திறந்தார். நெடி கண்ணைக் கரித்தது. அவள் வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

"நீவிவிடுங்க."

வியாழக்கிழமை மதியம் அண்ணன் விமான நிலையத்திலிருந்து நேராக அங்கே வந்தான். காதோரம் நரைத்திருந்தது. துணியை விலக்கியதும் வெகுநேரம் பார்த்தான். மழித்த கன்னம், படிய வாரிய தலை, இழைத்த பலகை மாதிரி நெற்றி.

"கோபமே இல்லையே..." என்றான்.

சுவரோரம் நின்ற எம்பாமிங் செய்பவர் ஏதோ சொல்ல வந்து, அவள் பார்வையைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

"அன்னிக்கு நான் போன்ல கூப்பிட்டது, தூக்கத்துலயும் அவருக்குக் கேட்டிருக்கும் இல்ல?"

"கேட்டுதுண்ணா."

அண்ணன் தலையாட்டினான். தோளில் மாட்டியிருந்த பையை அப்போதுதான் கீழே இறக்கி வைத்தான்.